பயனாளி தாஜ் முகம்மது

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பேராசிரியர் பாக்கியசீலன் மேலப்பாளையம் தாஜ் முகம்மதுவுக்குத் தரவேண்டிய கூலி பாக்கி அவ்வளவு. அதில் அந்த நாற்பது ரூபாய் ஏரலில் நாலு பேர் குடித்த டீ. "அதையும் கணக்குல சேத்துக்கிடும்வே" என்று பேராசிரியர் பெரிய மனசோடு சொல்லியிருந்தார். சேர்த்ததெல்லாம் சரிதான். கொடுப்பதைப் பற்றித்தான் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தாஜ் முகம்மதுவுக்கு மண் தோண்டுவதுதான் பிழைப்பு. வீட்டுக்கு அஸ்திவாரம், கக்கூஸுக்குக் குழி, பள்ளிவாசலில் மௌத்து விழுந்தால் அடக்கம் செய்யக் கபர். எதுவானாலும் அவருக்கு அது குழிதான். பேராசிரியருக்கு மட்டும் குழி என்று சொன்னால் பிடிக்காது. "ஆய்வுத்தடம்னு சொல்லும்வே, நாலு பேரு கேக்க மாதிரி இருக்கும்" என்பார். அப்படிக் கொற்கையில் வயக்காட்டுக்கு நடுவே ஒரு வெயில்காலம் முழுக்க ஆய்வுத்தடம் தோண்டினார்கள். தாஜ் முகம்மதுதான் மேஸ்திரி. இசக்கியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் கூட வந்தார்கள். பேராசிரியர் குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மேலே வந்த மண்ணைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுப் பேர் எழுதினார். கடல் எப்போது கொற்கையை விட்டுப் போனது, ஆறு கொண்டுவந்த மண்தான் அதைத் தள்ளியதா என்று கண்டுபிடிக்கிறாராம்.

கண்டுபிடித்தும் விட்டார். வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் போட்டு வந்தது. படத்தில் பேராசிரியர் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். படம் எடுப்பதற்காக இறங்கியவரை இரண்டு பேர் கைகொடுத்துத்தான் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. அது படத்தில் இல்லை.

கூலி கேட்டபோதெல்லாம் "ஃபண்டு வரலவே" என்றார். பிறகு "ஃபண்டு வந்துட்டு, ஆடிட் முடியல" என்றார். அதற்கும் பிறகு ஃபண்டு மூடிவிட்டது என்று தெரிந்தது.

இசக்கியம்மாவுக்கு இந்தப் பாஷையெல்லாம் புரியாது. ஒருநாள் காலையில் வந்து தாஜ் முகம்மது வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ அண்ணாச்சி, கடலு எப்பம் போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டாகளாம்லா? கூலி எப்பம் வரும்னு அந்தக் குழிக்குள்ள தென்படலையாக்கும்?"

உள்ளே பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஹமீது பீவி எழுந்து வந்தாள். காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "கூட்டிட்டுப் போனது நீங்க. அவுக பேராசிரியர நம்பி வரல, ஒங்கள நம்பில்லா வந்தாக."

கம்மல் பாங்கில் பன்னிரண்டாயிரத்துக்கு அடகு போயிற்று. கூட வந்த மூன்று பேருக்கும் கூலி தீர்ந்தது. தாஜ் முகம்மதுவின் சொந்தக் கூலி அப்படியே நின்றது. ஹமீது பீவி காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள். பீடிக்காசில் வட்டி கட்டிப் பார்த்தாள். இரண்டு தவணை தவறிப்போனதும் பாங்கிலிருந்து ஆள் வந்தது. வருகிற திங்கட்கிழமைக்குள் திருப்பாவிட்டால் கம்மல் ஏலத்துக்குப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் பேராசிரியருக்குப் பரிசு கிடைத்த செய்தி வந்தது. ஏதோ ஒரு அறக்கட்டளை கொடுக்கும் பத்து லட்சம். "அல்லா கண்ணத் தொறந்துட்டான் புள்ள" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு தாஜ் முகம்மது பாளையங்கோட்டைக்குக் கிளம்பினார்.

பேராசிரியர் வீட்டு முன்னறையில் சால்வைகள் மடித்து அடுக்கியிருந்தன. ஜவுளிக்கடை போல இருந்தது. அவர் சந்தோஷமாகத்தான் வரவேற்றார்.

"வாரும்வே தாஜு! பேப்பர் பாத்தீரா?"

"பாத்தேன் சார். மனசு நெறைஞ்சு போச்சு. நம்ம கூலி..."

"அதத்தாம்வே நானும் யோசிச்சேன். இதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்தப் பரிசுப் பணத்த நாம எடுத்துக்கிட முடியாது. முழுக்க முழுக்க நற்பணிக்குச் செலவழிக்கணும். அதான் நிபந்தனை."

"நற்பணின்னா?"

"நல்ல காரியம்வே. தர்ம காரியம்."

"அப்பம் கூலி குடுக்குறது?"

பேராசிரியர் சிரித்தார். குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பதைப் போல இருந்தது. "கூலி குடுக்குறது கடமைவே. அது நற்பணியில வராது. கடமைக்குக் குடுத்தேன்னா அறக்கட்டளைக்காரன் என்னையக் கேள்வி கேப்பான்."

தாஜ் முகம்மது தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடமை என்பதால் கொடுக்க முடியாது என்றால், கடமையாக இல்லாமல் இருந்திருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும் போலிருக்கிறது.

"மூஞ்சத் தொங்கப் போடாதயும். ஒமக்கும் ஒரு வழி வச்சிருக்கேன்" என்றார் பேராசிரியர். "நலிந்த தொழிலாளர்க்கு உதவின்னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல ஒம்மப் பயனாளியா சேத்திருக்கேன். வெள்ளிக்கிழமை விழா. மேடையில வச்சு ஐயாயிரம். எப்படி?"

"பாக்கி சார்?"

"அடுத்த பரிசு வராமலா போயிரும்?"

உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த பேராசிரியரின் மனைவி ஸ்வீட்லின் கதவருகில் ஒரு நிமிஷம் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். "என்ன பாக்கி?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல ஸ்வீட்லி, புராஜெக்ட் விஷயம்" என்றார் பேராசிரியர். காப்பி மட்டும் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஹமீது பீவியின் கை பீடி இலையோடு நின்றுவிட்டது.

"பதினெட்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஐயாயிரமா? அதையும் ஸதக்காவாத் தாராகளாமா?"

"ஸதக்கான்னா ஸதக்கா. துட்டு துட்டுதான புள்ள."

"எப்படிங்க துட்டு துட்டாவும்? ஒங்க கூலிய ஒங்களுக்கே தர்மமாக் குடுத்தா, அது கூலியும் ஆவாது, தர்மமும் ஆவாது. கூலி அவரு தலையில அப்படியே நிக்கும். நாளைக்கு மஹ்ஷர்ல அல்லா கணக்குக் கேக்கையில அந்த மனுஷன் என்ன சொல்லுவாரு? இவர நான் பயனாளியாச் சேத்திருந்தேன்னா?"

"மஹ்ஷர் கெடக்கட்டும். திங்கட்கிழமைக்கு என்ன செய்ய?"

ஹமீது பீவி காதுக் குச்சியை ஒருதரம் திருகிவிட்டுக்கொண்டு மறுபடியும் பீடி சுற்ற ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு மௌத்து அடக்கம். காலையிலேயே தாஜ் முகம்மது கபர் தோண்டி வைத்துவிட்டு மம்முட்டியோடு ஓரமாக நின்றார். மையித்தை இறக்குவதற்கு முன்னால் இறந்தவரின் மூத்த மகன் எல்லார் முன்னாலும் வந்து நின்று சொன்னான்: "எங்க வாப்பாவுக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, நான் ஏத்துக்கிடுதேன். இல்லன்னா அல்லாவுக்காக மன்னிச்சு விட்டுருங்க." அங்கே எல்லா மௌத்திலும் சொல்கிற வார்த்தைதான். எத்தனையோ கபருக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு, தாஜ் முகம்மதுவுக்கு அது தூக்கத்திலும் வரும். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, நகக்கண்ணில் மண்ணோடு அப்படியே ஆட்டோ பிடித்து விழா நடக்கும் கல்லூரிக்குப் போனார்.

வாசலில் இரண்டு பெண்பிள்ளைகள் பன்னீர் தெளித்தார்கள். உள்ளே மேடையில் ஐந்து விஞ்ஞானிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் முன்பு இந்தப் பரிசை வாங்கினவர்கள். நடுவில் பாக்கியசீலன். வெள்ளை ஜிப்பா, அதற்கு மேல் வெள்ளைச் சால்வை, அதற்கு மேல் ரோஜா மாலை. பயனாளி என்று எழுதிய அட்டையைத் தாஜ் முகம்மதுவின் சட்டையில் குத்தி, முன்வரிசை ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

விழாவை நடத்தியவன் பெனோ என்ற இளம் விரிவுரையாளன். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் போலிருந்தது. மேடையில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராக ஒரே கேள்வியைக் கேட்டான்: "ஐயா, உங்களுக்கு இன்னொரு பத்து லட்சம் கிடைத்தால் என்ன நற்பணி செய்வீர்கள்?"

முதலாவது ஆள் நட்சத்திர விஞ்ஞானி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளில் ஒரு பெரிய தொலைநோக்கி வைப்பேன், அந்தக் குழந்தைகள் வியாழனைப் பார்க்க வேண்டும் என்றார். பின்னாலிருந்து யாரோ, "அங்கன இருந்த சனத்தப் பூரா எறக்கி விட்டாச்சே சார்" என்று சத்தம் கொடுத்தார்கள். விஞ்ஞானி அசரவில்லை. "ஆள் இல்லையென்றால் ரொம்ப நல்லது. விளக்கு எரியாது. வியாழன் இன்னும் தெளிவாகத் தெரியும்" என்றார். கைதட்டினார்கள்.

இரண்டாவது ஒரு தண்ணீர் விஞ்ஞானி. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைத் தடுக்க ஜெனீவாவில் ஒரு மாநாடு கூட்டுவாராம். மூன்றாமவர் கொசு விஞ்ஞானி. பீடி சுற்றுகிற பெண்களுக்கு எல்லாம் இலவசமாகக் கொசுவலை கொடுப்பாராம், வலைக்குள் உட்கார்ந்தே சுற்றலாமாம். நான்காமவர் வயதானவர். அந்தப் பத்து லட்சத்தை வைத்துத் தன் பேரில் ஒரு பரிசு ஏற்படுத்தி அதை ஒரு விஞ்ஞானிக்குக் கொடுப்பேன் என்றார். அந்த விஞ்ஞானி என்ன செய்வார் என்று பெனோ கேட்டான். "அவர் அதை நற்பணிக்குச் செலவழிப்பார்" என்றார் பெரியவர். அதற்கும் கைதட்டினார்கள்.

கடைசியில் பாக்கியசீலன் எழுந்தார். மற்றவர்களைப் போல அவருடையது வெறும் ஆசை இல்லை. கையில் நிஜமாகவே பத்து லட்சம் இருந்தது. பனைவிதை ஊன்றக் கொஞ்சம், கொற்கையில் பழைய கடலைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் காட்டக் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு குரல் தழுதழுத்தது.

"மீதியில் பெரும்பகுதியை ஒரு சிலைக்காக ஒதுக்கியிருக்கிறேன். மண்ணைத் தோண்டி நமக்கு வரலாற்றை எடுத்துக் கொடுத்த, பெயர் தெரியாத உழைப்பாளிக்குச் சிலை. கையில் மண்வெட்டியோடு, கொற்கையில், கிழக்கே பார்த்து நிற்பான்."

தாஜ் முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். கொற்கையில் தோண்டையில் இந்த மனுஷன் நம்மை மம்முட்டியோடு பக்கவாட்டில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தாரே, அது இதற்குத்தானா? வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்வே என்று வேறு சொன்னாரே. பெயர் தெரியாதாமே! தெருவில் பார்த்தால் தாஜு, தாஜு என்று கூப்பிடுகிற வாய்.

"இப்போது பயனாளி திரு. தாஜ் முகம்மது அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஓர் அட்டைச் செக்கை அவர் கையில் கொடுத்தார்கள். ஐயாயிரம் என்று எழுதியிருந்தது. "நெசச் செக்கு எங்க தம்பி?" என்று பெனோவிடம் மெதுவாகக் கேட்டார். "அது ஆடிட் முடிஞ்சதும் வரும் அண்ணாச்சி" என்றான் அவன். படம் எடுக்கிறவன், "அண்ணாச்சி, கொஞ்சம் பாவமா நில்லுங்க" என்றான். பாவமாக நிற்பதற்கு அவர் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பெனோவுக்கு உற்சாகம் பொங்கியது. மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினான். "அண்ணாச்சி, எல்லா விஞ்ஞானிகளும் சொல்லிட்டாங்க. நீங்களும் சொல்லுங்க. உங்களுக்குப் பணம் கிடைச்சா என்ன நற்பணி செய்வீங்க?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. தாஜ் முகம்மது மைக்கைப் பிடித்தார். பன்னீர் வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் பேராசிரியர் வெள்ளைக்குள் வெள்ளையாக, மாலைக்கு அடியில், அடுத்த பாராட்டைக் கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே அத்தனை பேரும் கபரைச் சுற்றி நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது என்றுதான் பிறகு அவர் ஹமீது பீவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை.

"எல்லாரும் வந்திருக்கிய," என்றார் தாஜ் முகம்மது. "சாரப் பன்னீர்ல குளிப்பாட்டி, வெள்ளை போர்த்தி, பூவும் போட்டாச்சு. கொடுக்கல் வாங்கல் பத்தி யாரும் ஒரு வார்த்த கேக்கல. அதான் நானே கேக்குதேன். சாரால யாருக்காவது பாக்கி இருந்தா இப்பமே சொல்லிருங்க. எனக்குக் கூலி பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூத்து நாப்பது இருக்கு. வீட்டாளுக யாரும் இங்கன இருந்தா ஏத்துக்கிடுங்க. யாரும் இல்லன்னா சொல்லிருங்க, நான் அல்லாவுக்காக மன்னிச்சு விட்டுருதேன். அதுதான் நம்மளால முடிஞ்ச நற்பணி. மையித்தக் கடனோட விடப்பிடாதுல்லா?"

பேராசிரியர் கண்ணைத் திறந்தார். அந்த இடத்தில் அவர் கண்ணைத் திறந்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. பின்வரிசையில் ஒரு பையன், "எந்திச்சிட்டாருலே!" என்று கத்திவிட்டான். அரங்கமே குலுங்கிச் சிரித்தது.

"என்னவே உளறுதீரு! ஏ பெனோ, மைக்க வாங்குலே!" என்றார் பேராசிரியர்.

பெனோ மைக்கை இழுத்தான். தாஜ் முகம்மது அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பதைக் கேட்டவரைப் போல முழித்தார். கம்மலும் போய்விட்டது, ஐயாயிரமும் போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது. மன்னித்து விடுகிறேன் என்று வேறு வாயால் சொல்லியாகிவிட்டது. யாரும் எழுந்திருக்காவிட்டால் எல்லாம் முடிந்தது.

முன்வரிசையில் ஒரு புடவை அசைந்தது. ஸ்வீட்லின் எழுந்து நின்றாள்.

"வீட்டாளு நான் இருக்கேன்" என்றாள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கிற டீச்சர் குரல். "நான் ஏத்துக்கிடுதேன். எறங்கி வாங்க அண்ணாச்சி."

"ஸ்வீட்லி, உக்காரு. அப்புறம் பேசிக்கிடலாம்."

"அப்புறம்னா எப்பம்? நெசமாவே மாலை போட்ட பொறவா?"

கல்லூரி கேன்டீன் அரங்கத்துக்குப் பின்னால் இருந்தது. ஸ்வீட்லின் முன்னால் நடந்தாள். பின்னால் அட்டைச் செக்கைத் தூக்கிக்கொண்டு தாஜ் முகம்மது. அவருக்கும் பின்னால் மாலையைக் கழற்ற மறந்து பேராசிரியர், அவர் பின்னால் பெனோ, கடைசியில் வேடிக்கை பார்க்கப் பாதி அரங்கம். ஊர்வலம் எதற்கென்று தெரியாதவர்கள் பார்த்திருந்தால் தாஜ் முகம்மது சொன்னதையே நம்பியிருப்பார்கள்.

கேன்டீன்காரர் ஜேசுதாசன் வடை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கல்லாவுல எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள் ஸ்வீட்லின்.

"இன்னைக்கு விழாக் கூட்டம்லா டீச்சர். இருபதாயிரம் கிட்ட இருக்கும்."

"நான் ஒங்க பெட்டிக்கு அனுப்புதேன். இவருக்கு ரொக்கமாக் குடுத்துருங்க." அவள் போனை எடுத்து மேஜையில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்துக்கு நேராகப் பிடித்தாள்.

பணம் வந்தால் அறிவிப்பதற்காக மேஜையில் இருந்த சின்னப் பெட்டி கணீரென்று சொன்னது: "பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது."

ஜேசுதாசன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். ஐநூறுகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. பிறகு நூறு, ஐம்பது, கடைசியில் வடை வாசத்தோடு பத்துப் பத்தாக. தாஜ் முகம்மதுவுக்கு வைக்க இடம் போதவில்லை. இரண்டு பையும் புடைத்துக்கொண்டன. அட்டைச் செக்கை ஜேசுதாசன் கேட்டு வாங்கி, ஈ மொய்க்காமல் வடைத் தட்டின் மேல் மூடி வைத்தார். அன்றைக்கு அந்த அட்டை செய்த ஒரே நற்பணி அதுதான்.

"அம்மா," என்றார் தாஜ் முகம்மது, "ஒரு வார்த்த. இது உதவியா, கூலியா? வீட்ல கேப்பா."

"கூலிதான் அண்ணாச்சி. பிந்திப்போன கூலி. கோவிச்சுக்கிடாதீங்க."

பேராசிரியருக்கு அதுவரை வராத தெம்பு திடீரென்று வந்தது. பெனோவைப் பக்கத்தில் இழுத்தார். ஆனால் சின்னக் குரலில் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை. "எலே, இதையும் நலிந்த தொழிலாளர் தலைப்புல காட்டிரலாமா? ஐயாயிரத்த வெட்டிட்டு, பதினெட்டாயிரத்து அறுநூத்து நாப்பதுன்னு போட்டுரு. படத்துக்கு இவரக் கொஞ்சம் நிக்கச் சொல்லு."

ஸ்வீட்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாஜ் முகம்மது கையைக் காட்டி நிறுத்தினார். சட்டையில் குத்தியிருந்த பயனாளி அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சார், நீங்க எந்தத் தலைப்புலயும் போட்டுக்கிடுங்க. ஒங்களுக்கு எங்கிட்ட இனிமே கடன் கெடையாது, நான் சாட்சி. கபர்ல நிம்மதியாப் படுக்கலாம்." பிறகு ஜேசுதாசன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, அந்தப் பெட்டியில திருப்பிச் சொல்ல ஒரு பொத்தான் இருக்குமாமே?"

"இருக்கே."

"அத ஒருதரம் அமுக்குங்க. சாரு சரியாக் கேட்டுக்கிடட்டும். அதுல உதவின்னு வருதா, நற்பணின்னு வருதான்னு."

ஜேசுதாசன் சிரித்துக்கொண்டே அமுக்கினார். மாலையும் சால்வையுமாக நின்ற பேராசிரியருக்கு முன்னால், பாதி அரங்கம் கேட்க, பெட்டி மறுபடியும் சொன்னது:

"பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது."